சக்குலன்ட் வளர்க்கிறதுல நாம பண்ற தப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேளச்சேரில ரெண்டாவது மாடி, கிழக்கு பார்த்த பால்கனி, எட்டு வருஷமா சக்குலன்ட் வளர்க்கிறேன், அதாவது கத்தாழை மாதிரி இலைலயோ தண்டுலயோ தண்ணிய சேத்து வச்சுக்கிற செடிங்க. வீட்டுக்கு வர்றவங்க, அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்க, தங்கச்சியோட ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ்னு யார் கேட்டாலும் சுத்தி சுத்தி இதே கேள்விங்கதான் வருது, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சுடலாம்னு உக்காந்தேன். இங்க சொல்றது எல்லாம் சென்னை மாதிரி புழுக்கமான ஊருக்கு. பனி கொட்டுற ஊர்ல எடுத்த வீடியோவ பாத்து அப்படியே இங்க செஞ்சதுலதான் பாதி செடி போகுது.

அக்கா, வாரத்துக்கு எத்தனை தடவை தண்ணி ஊத்தணும்?

நாள் கணக்கு வைக்கிறதுதான் முதல் தப்பு. ஞாயித்துக்கிழமை ஆனா தண்ணின்னு ஒரு பழக்கம் வச்சுக்கிட்டா மழை பெஞ்ச வாரமும் ஊத்துவோம், வெயில் கொளுத்துற வாரமும் அதே அளவு ஊத்துவோம், செடிக்கு கிழமை தெரியாது.

நம்ம வீடுகள்ல வாசப்படிக்கு மேல திருஷ்டிக்கு கத்தாழைய வேரோட தலைகீழா கட்டி தொங்க விடுவாங்கல்ல, அத ஒரு தடவை நல்லா பாருங்க. மண்ணு கிடையாது, ஒரு சொட்டு தண்ணி யாரும் ஊத்துறது கிடையாது, ஆனா மாசக்கணக்குல உயிரோட இருக்கும், நடுவுல புது குருத்து கூட விட்டு மேல பாக்க வளைஞ்சு நிக்கும். வெளி இலை மட்டும் ஒவ்வொண்ணா சுருங்கி மெலிஞ்சு போகும், ஏன்னா அதுல இருக்கிற தண்ணிய எடுத்துதான் உள்ள இருக்கிற குருத்த காப்பாத்துது. அதே கத்தாழைய தொட்டில வச்சு தினமும் ஒரு சொம்பு ஊத்துங்க, மூணு வாரத்துல அடி கொழகொழன்னு ஆயிடும்.

நான் பண்றது இதுதான். விளக்குமாத்துல இருந்து ஒரு ஈர்க்குச்சிய உருவி தொட்டி அடி வரைக்கும் குத்தி அஞ்சு நிமிஷம் விட்டு எடுப்பேன். குச்சில ஈரம் தெரிஞ்சாலோ மண்ணு ஒட்டினாலோ அன்னைக்கு தண்ணி இல்ல. சுத்தமா காஞ்சு வந்தா அடி ஓட்டை வழியா தண்ணி வெளிய ஓடுற வரைக்கும் முழுசா ஊத்துவேன், அப்புறம் திரும்ப குச்சி காயுற வரை கிட்ட போறதே இல்ல. என் பால்கனில அது பிப்ரவரி மார்ச்ல பத்து நாளைக்கு ஒருக்கா வரும், நவம்பர்ல ஒரு மாசம் கூட ஆகும். கொஞ்ச நாள் போனா குச்சி கூட வேணாம், தொட்டிய தூக்கினாலே வெயிட்ட வச்சு கைக்கு தெரிஞ்சுடும்.

நான் தினமும் ஒரே ஒரு ஸ்பூன்தான் ஊத்துனேன், அதுவும் அழுகிப்போச்சே?

இத கேக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா இவங்க எல்லாம் ரொம்ப அக்கறையா பாத்துக்கிட்டவங்க. பிரச்சனை எவ்ளோ ஊத்துறோம்ங்கிறதுல இல்ல, மண்ணு எத்தனை நாள் ஈரமாவே இருக்குங்கிறதுல இருக்கு. வேருக்கும் மூச்சு விட காத்து வேணும். மண்ணு துகளுக்கு நடுவுல இருக்கிற சந்துல தண்ணி நின்னுக்கிட்டே இருந்தா காத்து உள்ள போகாது, வேர் மூச்சு முட்டி சாகும், செத்த வேர பூஞ்சை பிடிக்கும், அது தண்டுக்கு ஏறும். தினம் ஒரு ஸ்பூன்னா தினமும் ஈரம்.

அப்படி போன ஒரு செடிய மண்ணுல இருந்து வெளிய எடுத்து பாத்திருக்கீங்களா? நல்ல வேர் வெள்ளையா இல்ல வெளிர் பழுப்பா, லேசா இழுத்தா விறைப்பா இருக்கும். அழுகின வேர விரல்ல பிடிச்சு இழுத்தா மேல் தோல் மட்டும் உறை மாதிரி கழண்டு வந்து உள்ள நூலு மாதிரி ஒண்ணு நிக்கும், சாக்கடை வாடை அடிக்கும். மேல இலை வேகவச்ச வெங்காயம் மாதிரி கண்ணாடியா மஞ்சளா ஆகி, தொட்டாலே உதிர்ந்துடும். தண்ணி பத்தாத செடி இப்படி இருக்காது, இலை சுருக்கம் விழுந்து தொய்வா இருக்கும் ஆனா தண்டோட கெட்டியா பிடிச்சுக்கிட்டு இருக்கும். இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு, வாடின மாதிரி இருக்கேன்னு அழுகுற செடிக்கு மேல மேல தண்ணி ஊத்துறவங்கதான் அதிகம்.

ஸ்ப்ரே பாட்டில்ல இலை மேல அடிக்கிறதும் வேணாம். வேருக்கு ஒண்ணும் போகாது, இலை இடுக்குல தண்ணி தங்கி நடுக்குருத்து அழுகும்.

மத்த செடி மாதிரி இல்லாம இதுக்கு மட்டும் ஏன் இவ்ளோ தண்ணி பயம்?

இதுங்க சாப்பாடு செய்ற முறையே வேற. சாதாரண செடி பகல்ல இலைல இருக்கிற சின்ன துவாரத்த திறந்து கரியமில வாயுவ எடுக்கும், அப்ப தண்ணியும் ஆவியா போகும். பெரும்பாலான சக்குலன்ட் பகல்ல அத மூடிக்கும், ராத்திரி வெயில் தணிஞ்சப்புறம்தான் திறக்கும், எடுத்த வாயுவ மாலிக் அமிலமா மாத்தி இலைக்குள்ள சேத்து வச்சுக்கிட்டு, விடிஞ்சதும் கதவ சாத்திக்கிட்டு உள்ளயே சமைக்கும். அதனால தண்ணி செலவு ரொம்ப கம்மி, நாம ஊத்துறத அவ்ளோ சீக்கிரம் குடிச்சு முடிக்காது.

இதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிக்கும். ரணகள்ளி தெரியும்ல, ஸ்கூல்ல புக்குக்குள்ள இலைய வச்சா ஓரத்துல குட்டி குட்டியா செடி முளைக்குமே, அதேதான். பெஞ்சமின் ஹெய்ன்னு ஒருத்தர், மிஷனரியா தரங்கம்பாடிக்கு வந்து அப்புறம் கிழக்கிந்திய கம்பெனில தாவர ஆராய்ச்சி வேலை பாத்தவர், அந்த இலைய கடிச்சு பாத்துட்டு காலைல நல்லா புளிக்குது, மத்தியானம் சப்புன்னு இருக்கு, சாயங்காலம் லேசா கசக்குதுன்னு கடிதம் எழுதினார், அது 1815 வாக்குல லண்டன்ல அச்சாச்சு. ராத்திரி சேத்த அமிலம் காலைல நாக்குல புளிப்பா தெரியுது, பகல்ல அத செடி செலவு பண்ணிடுது, விஷயம் அவ்ளோதான். இன்னைக்கு உலகம் முழுக்க பாடமா படிக்கிற விஷயத்துல முதல் குறிப்புகள்ல ஒண்ணு நம்ம நாட்டுல வளர்ந்த ரணகள்ளி இலைல இருந்து கிடைச்சது.

கொடைக்கானல்ல வாங்கின ரோஜா பூ மாதிரி செடி, சென்னை வந்து ரெண்டு மாசத்துல போயிடுச்சு, ஏன்?

அது எச்சிவேரியாவா இருக்கும். மெக்சிகோ மலைப்பக்கம் வளர்ற செடி, அங்க பகல்ல நல்ல வெயில், ராத்திரி குளிரும். மேல சொன்னேன்ல ராத்திரிதான் துவாரத்த திறக்கும்னு, அந்த வேலைக்கு ராத்திரி குளிர்ச்சி வேணும். சென்னைல மே மாசம் ராத்திரி கூட 28 டிகிரி கிட்ட நிக்குது, காத்துல ஈரம் வேற, அதுல அந்த செடி வளர்ச்சிய நிறுத்திட்டு தூங்கிடும். தூங்குற செடிக்கு "ஐயோ வெயில் அதிகமா இருக்கே"ன்னு தண்ணிய ஊத்துறோம், சூடான ஈர மண்ணுல வேர் வெந்து போகுது. கோடைல அதிகமா ஊத்தணும்ங்கிறது மல்லிக்கும் ரோஜாவுக்கும் சரி, எச்சிவேரியாவுக்கு நேர் எதிர். ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் நிழல்ல நல்ல காத்து வர்ற எடத்துல வச்சு, இலை சுருங்கினா மட்டும், சாயங்காலம் வெயில் இறங்கினப்புறம் கொஞ்சமா குடுங்க.

பெங்களூர், ஓசூர், கோயம்புத்தூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது அவ்ளோ கஷ்டம் இல்ல. கடலோரத்துல இருக்கிறவங்க முதல் செடியா இத வாங்காதீங்கன்னுதான் சொல்லுவேன்.

அப்ப நம்ம ஊருக்கு எதுதான் நல்லா வரும்?

அடீனியம். கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க, ஆப்பிரிக்கா அரேபியா பக்கத்து செடி, நம்ம வெயில் அதுக்கு சந்தோஷம், மொட்டை மாடில முழு வெயில்ல வச்சா அடி குண்டா பருத்து பூவா பூக்கும். ஸ்நேக் பிளான்ட், கத்தாழை, கிறிஸ்து முள்ளுன்னு சொல்ற யூஃபோர்பியா மிலி, பத்து மணிப்பூ எல்லாமே தாங்கும். வீட்டுக்குள்ள வெளிச்சமான ஜன்னல் ஓரம்னா ஹவோர்தியா, பாக்க குட்டி கத்தாழை மாதிரி இருக்கும்.

நம்ம நர்சரில ஜேட்னு குடுக்கிறது பெரும்பாலும் உண்மையான ஜேட் இல்ல, போர்ட்டுலகேரியாங்கிற வேற செடி, தென்னாப்பிரிக்கால யானை விரும்பி திங்கிறது. சின்ன வட்ட இலை, செவந்த தண்டு. ஏமாத்துறாங்கன்னு நினைக்காதீங்க, அந்த பேர்லயே பழகிப்போச்சு. சொல்லப்போனா உண்மையான ஜேட விட அதுதான் சென்னைக்கு நல்லா வருது.

இன்னொண்ணு, துவையல் அரைக்கிற பிரண்டையும் சக்குலன்ட்தான், பருப்புக்கீரையும் சக்குலன்ட்தான். உங்க பாட்டி ஒண்ணும் பண்ணாமலே வேலி ஓரத்துல பிரண்டை வளர்த்தாங்கல்ல, அந்த "ஒண்ணும் பண்ணாம" தான் இங்க முக்கியம்.

என்ன மண்ணு போடணும்?

தோட்டத்து மண்ண அப்படியே போட்டா காஞ்சதும் களிமண்ணு மாதிரி இறுகிடும். நான் போடுறது: பட்டாணி சைஸ்க்கு உடைச்ச செங்கல் துண்டு ரெண்டு பங்கு, கழுவின கரடு மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. செங்கல் வீடு கட்டுற எடத்துல கேட்டா சும்மாவே குடுப்பாங்க, உடைச்சு சல்லடைல சலிச்சு தூள தள்ளிடணும், அந்த தூள் சந்துல போய் அடைச்சுக்கும். எம் சாண்ட் கூட ஓகே, ஆனா தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் நாலு தடவை அலசணும். காசு இருந்தா செங்கலுக்கு பதிலா பெர்லைட்டோ பியூமிஸோ போடலாம், ரெண்டுமே வெயிட் இல்லாத கல்லு துகள்தான். கலந்ததும் ஒரு கை நிறைய எடுத்து நனைச்சு அமுக்கி பாருங்க, உருண்டையா நின்னா இன்னும் கல்லு வேணும், விரல் திறந்ததும் உதிர்ந்துட்டா சரி.

முக்கியமா, கடைல இருந்து வர்ற செடி கோகோபீட், அதாவது தேங்காய் நார் தூள் உருண்டைக்குள்ள இருக்கும், சில சமயம் அத சுத்தி வலை துணி மாதிரி ஒரு கப்பு கூட இருக்கும். வெளிய எவ்ளோ நல்ல மண்ணு போட்டாலும் நடுவுல அந்த உருண்டை ஸ்பான்ஜ் மாதிரி தண்ணிய பிடிச்சு வச்சுக்கும். அந்த வலைய வெட்டி எடுத்துட்டு, காஞ்ச கோகோபீட்ட விரலாலயே மெதுவா உதிர்த்து விட்டுட்டு நடுங்க, நட்டு நாலஞ்சு நாள் கழிச்சுதான் முதல் தண்ணி, அதுக்குள்ள அறுந்த வேர் காயம் ஆறிடும்.

தொட்டி அடில கூழாங்கல்லு போட்டா தண்ணி நல்லா வடியும்தானே?

வடியாது. மேல நைசான மண்ணு, கீழ பெரிய கல்லுன்னு இருந்தா தண்ணி மண்ணுலயே தங்கி நிக்கும், மண்ணு முழுசா நிறைஞ்சு வழிஞ்சாதான் கல்லுக்குள்ள இறங்கும். அதாவது ஈரம் வேருக்கு இன்னும் கிட்ட வருது. ஓட்டை மேல ஒரு வலை துண்டோ உடைஞ்ச ஓட்டுச்சில்லோ போதும், மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கலவைய நிரப்புங்க.

ஓட்டை இல்லாத கண்ணாடி பவுல்ல வைக்கலாமா? பாக்க அழகா இருக்கே.

வேணாம்ங்க. ரொம்ப ஆசையா இருந்தா சின்ன தொட்டில நட்டு அத பவுலுக்குள்ள எறக்கி வைங்க, தண்ணி ஊத்தும்போது வெளிய எடுத்துடுங்க.

செடி நீளமா ஒல்லியா வளருது, நல்லா வளருதுன்னு அர்த்தமா?

இல்ல, வெளிச்சத்த தேடி கழுத்த நீட்டுது. இலைக்கு இலை இடைவெளி அதிகமாகி, நிறம் வெளிறி, ஜன்னல் பக்கம் சாயும். டேபிள் மேல, டிவி பக்கத்துல, பாத்ரூம்லனு வைக்கிற செடிக்கெல்லாம் இதுதான் கதி. நீண்டது திரும்ப சுருங்காது, மேல் பகுதிய வெட்டி காய வச்சு புதுசா நடணும்.

ஆனா இத கேட்டுட்டு நேரா கொண்டு போய் மொட்டை மாடில வச்சுடாதீங்க. ஒரே நாள்ல இலை மேல வெள்ளையா பழுப்பா தழும்பு விழும், அந்த இலை இருக்கிற வரைக்கும் தழும்பும் போகாது. முதல்ல ஒரு மணி நேர காலை வெயில், அப்புறம் ரெண்டுன்னு பத்து பதினஞ்சு நாள் பழக்கணும். கிழக்கு பால்கனில வர்ற மூணு நாலு மணி நேர காலை வெயில்தான் பெரும்பாலான செடிக்கு பெஸ்ட். மேற்கு பால்கனின்னா மார்ச்ல இருந்தே 50 சதவீத பச்சை வலை கட்டிடுங்க, அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சப்புறம் கட்டினா லேட்.

இலை மேல இருக்கிற வெள்ளை பவுடர தூசின்னு நினைச்சு துணியால துடைக்கிறவங்க இருக்காங்க. அது செடியே பூசிக்கிற மெழுகு, வெயில்ல இருந்து காப்பாத்துறது. துடைச்ச இலைல திரும்ப வராது.

மழைக்காலத்துல என்ன பண்றது?

அக்டோபர் ரெண்டாவது வாரத்துக்குள்ள எல்லா தொட்டியையும் மழை படாத எடத்துக்கு மாத்திடுங்க. ஒரு மழை ரெண்டு மழை பட்டா ஒண்ணும் ஆகாது, மழைத்தண்ணி நல்லதும்தான், போர் தண்ணி மாதிரி உப்பு கிடையாது. ஆனா வடகிழக்கு பருவமழை ஒரு நாளோட நிக்காது, நாலு நாள் தொடர்ந்து பெஞ்சு, வெயிலே இல்லாம, காத்துல ஈரமும் இருந்தா மண்ணு காயவே காயாது.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப எங்க ஏரியா முழுக்க தண்ணி, கரன்ட் இல்ல, பால்கனிய பத்தி யோசிக்கிற நிலைமைலயே இல்ல. மேல சன்ஷேட் இருந்தும் காத்துல மழை சாஞ்சு அடிச்சு எல்லா தொட்டியும் நனைஞ்சுது. தரைல கறை படக்கூடாதுன்னு பிளாஸ்டிக் தொட்டி எல்லாத்துக்கும் அடில தட்டு வச்சிருந்தேன், அந்த தட்டுல தண்ணி நின்னு, தொட்டி அடி அதுலயே ஊறிக்கிட்டு இருந்திருக்கு. பதினாலு செடி போச்சு, அதுல ஆறு வருஷமா வளர்த்த ஒரு ஹவோர்தியா கூட்டமும் ஒண்ணு. தட்டு இல்லாம செங்கல் மேல தூக்கி வச்சிருந்த மண்தொட்டிங்க அதே மழைல நனைஞ்சும் கிட்டத்தட்ட எல்லாமே பொழைச்சுது. அன்னைல இருந்து என் வீட்ல செப்டம்பர் கடைசில தட்டு எல்லாம் அலமாரிக்குள்ள போயிடும், பொங்கலுக்கு அப்புறம்தான் வெளிய வரும். தரைல கறை பட்டா தேய்ச்சு கழுவிக்கலாம்.

இலை இடுக்குல வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்கு, அது என்ன?

மாவுப்பூச்சி. சாற உறிஞ்சும். பக்கத்துல எறும்பு ஓடுதான்னு பாருங்க, மாவுப்பூச்சி கக்குற இனிப்புக்காக எறும்பே அத ஒரு செடில இருந்து இன்னொண்ணுக்கு தூக்கிட்டு போகும், அதனால எறும்பையும் சேத்து நிறுத்தணும். முதல்ல அந்த தொட்டிய தனியா வைங்க. மெடிக்கல்ல கிடைக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட்ல காது குடையுற பட்ஸ நனைச்சு ஒவ்வொரு பூச்சியா தொட்டு எடுங்க, வாரம் ஒரு தடவை, குறைஞ்சது மூணு வாரம், ஏன்னா முட்டை திரும்ப பொரியும். நிறைய இருந்தா ஒரு லிட்டர் தண்ணில 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் கலந்து சாயங்காலம் அடிங்க. வெயில்ல அடிச்சா இலை கருகும். எவ்ளோ பண்ணியும் செடி தேறலன்னா வேர பாருங்க, அங்கயும் வெள்ளை மாவு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும், அப்ப மண்ண மொத்தமா கொட்டிட்டு வேர கழுவி காய வச்சு புது மண்ணுல நடணும்.

அரிசி கழுவின தண்ணி, டீத்தூள், முட்டை ஓடு போடலாமா?

கீரைக்கு போடுங்க, ரோஜாவுக்கு போடுங்க. இதுக்கு வேணாம். எறும்பு வரும், குட்டி கொசு மாதிரி பூச்சி வரும், மண்ணு மேல பூசணம் பூக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு பிடி மண்புழு உரம் போதும்.

சிவப்பு, மஞ்சள் உருண்டை தலையோட இருக்கிற கள்ளி வாங்கினேன், எவ்ளோ நாள் இருக்கும்?

அது ரெண்டு கள்ளி. மேல இருக்கிற கலர் உருண்டைக்கு பச்சையமே கிடையாது, தனியா சாப்பாடு செய்ய தெரியாது, அதனால டிராகன் ஃப்ரூட் வகை தண்டு மேல ஒட்டு கட்டியிருக்காங்க. சில வருஷத்துல ஒட்டு தளர்ந்து மேல் உருண்டை போயிடும், அது உங்க தப்பு இல்ல. சில கடைல கள்ளி தலைல காஞ்ச பூவ க்ளூ வச்சு ஒட்டி விக்கிறாங்க, பூவ லேசா அசைச்சு பாத்தா பசை தெரியும். அத வாங்காதீங்க, வளர்ற எடத்துலயே காயம் பண்ணியிருப்பாங்க.

ஸ்நேக் பிளான்ட் பெட்ரூம்ல வச்சா ராத்திரி ஆக்சிஜன் தருமாமே, காத்த சுத்தம் பண்ணுமாமே?

ராத்திரி கரியமில வாயுவ எடுக்கிறது உண்மை, ஆக்சிஜன் வர்றது பகல்ல வெளிச்சத்துலதான். காத்து சுத்தம்ங்கிறது 1989-ல நாசா பண்ண ஆராய்ச்சில இருந்து வந்தது, அது மூடின சின்ன பெட்டிக்குள்ள பண்ணது. வீட்ல ஜன்னல திறந்தா கிடைக்கிற பலன செடி மட்டுமே தரணும்னா ஒரு சதுர மீட்டருக்கு 10-ல இருந்து 1000 செடி வரைக்கும் வேணும்னு 2019-ல வந்த ஆய்வு சொல்லுது. அழகுக்காக வைங்க, அதுவே போதுமான காரணம்.

அழுக ஆரம்பிச்சத காப்பாத்த முடியுமா?

நடுத்தண்டு மேல வரைக்கும் கெட்டியா இருந்தா முடியும். சுத்தமான கத்தியால கீழ இருந்து கொஞ்சம் கொஞ்சமா நறுக்கிக்கிட்டே மேல வாங்க, ஒவ்வொரு தடவையும் வெட்டின முகத்த பாருங்க. பழுப்பு புள்ளியோ வளையமோ ஒண்ணு கூட இல்லாம சுத்தமா பச்சையா வெள்ளையா வர்ற வரைக்கும் வெட்டணும், பாவம் பாத்து பாதில நிறுத்தினா அழுகல் திரும்ப ஏறும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திய ஸ்பிரிட்ல துடைங்க. அப்புறம் நிழல்ல ஒரு வாரம் அப்படியே காய விடுங்க, வெட்டின எடம் தழும்பு மாதிரி மூடினதும் காஞ்ச மண்ணு மேல உக்கார வைங்க. வேர் வர்ற வரைக்கும் தண்ணி கிடையாது. பெரும்பாலும் மூணு நாலு வாரத்துல பொடிசா சிவப்பா வெள்ளையா வேர் எட்டி பாக்கும்.

இலைல இருந்து வளர்க்கிறதும் இதே மாதிரிதான், இலைய அடி முனை பிய்யாம முழுசா கழட்டணும். மஞ்சள் கரை போட்ட ஸ்நேக் பிளான்ட்ட மட்டும் இலை வெட்டி நடாதீங்க, புது செடி வெறும் பச்சையாதான் வரும். அதே கரை வேணும்னா கிழங்க பிரிச்சு நடணும்.

வெட்டும்போது பால் வருது, ஆபத்தா?

திருகுகள்ளி, சதுரக்கள்ளி, கிறிஸ்து முள்ளு இதோட பால் தோல்ல எரியும், கண்ணுல பட்டா ரொம்ப ஆபத்து, பார்வைக்கே பிரச்சனை வரலாம். கையுறை, கண்ணாடி போட்டுக்கோங்க, வேலை முடிஞ்சு சோப்பு போட்டு கழுவாம முகத்த தொடாதீங்க. கண்ணுல பட்டுட்டா ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா கண் டாக்டர்கிட்ட போங்க, வீட்டு வைத்தியம் வேணாம். அடீனியம் சாறும் விஷம்தான், ஆப்பிரிக்கால அம்பு முனைல தடவி வேட்டைக்கு போவாங்க. தவழுற குழந்தை, நாய், பூனை இருக்கிற வீடுன்னா இதெல்லாம் உயரத்துல இருக்கட்டும்.

கீழ் இலை எல்லாம் காஞ்சு போகுது, செத்துடுமா?

தொட்டு பாருங்க. பேப்பர் மாதிரி காஞ்சு மொறுமொறுன்னு இருந்தா பயப்பட வேணாம், பழைய இலைல இருக்கிற தண்ணிய செடி எடுத்துக்கிட்டு விட்டுடுச்சு, வாசல்ல தொங்குற கத்தாழை பண்றதேதான். அந்த சருக மட்டும் பக்கவாட்டுல லேசா அசைச்சு எடுத்துடுங்க, மாவுப்பூச்சி ஒளிஞ்சுக்கிற முதல் எடம் அதுதான். ஈரமா கொழகொழன்னு இருந்தா இன்னைக்கே தொட்டிய கவுத்து வேர பாருங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க.